அக்டோபரில் என் ஸ்லாட்டைப் பிடுங்குபவர்கள்

பிலடெல்பியாவில் கார் ஷோரூம்களுக்கும் பல் மருத்துவர்களுக்கும் டிவி விளம்பர நேரம் வாங்கிக் கொடுப்பது என் தொழில். தேர்தல் வருடத்தில் செப்டம்பர் பிறந்தால் போதும், வாடிக்கையாளர்களிடம் ஒரே பல்லவிதான் பாடுவேன்: "நவம்பர் முதல் வாரம் வரை பொறுத்துக்கங்க." மாலைச் செய்திக்கு நடுவே முன்கூட்டியே பிடித்துவைத்த ஸ்லாட்கூடக் கடைசி நேரத்தில் தேர்தல் விளம்பரக்காரர்களுக்குக் கைமாறிவிடும்.

அமெரிக்க அதிபர் தேர்தலில் நிஜமான இழுபறி ஏழெட்டு மாநிலங்களில்தான். கலிபோர்னியாவில் யாரும் காசைக் கரைக்க மாட்டார்கள். பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் 2016இல் டிரம்ப் ஜெயித்தது சுமார் 44 ஆயிரம் வாக்கில்; பதிவானவையோ 60 லட்சத்துக்கும் மேல். 2020இல் பைடன் ஜெயித்தது சுமார் 80 ஆயிரத்தில். அதனால் பணமெல்லாம் இங்கே வந்து குவிகிறது. பிலடெல்பியா சேனல்கள் நியூஜெர்சியிலும் தெரியும் என்பதால், அந்த விளம்பரங்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத அவர்களும் சேர்ந்து அனுபவிக்கிறார்கள், பாவம்.

சரி, இத்தனை கொட்டினால் மனசு மாறுமா? நான் பார்த்தவரை, ஏற்கெனவே தெரிந்த முகத்தைப் பற்றி மாறுவது ரொம்பக் குறைவு. 2020இல் நியூயார்க்கின் முன்னாள் மேயரான பெரும் பணக்காரர் ப்ளூம்பெர்க் சொந்தப் பணத்தில் 50 கோடி டாலருக்கு மேல் விளம்பரத்தில் இறைத்தார். ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்ற போட்டியில் அவர் முதலிடம் பிடித்தது அமெரிக்கன் சமோவா என்ற குட்டித் தீவுப் பகுதியில் மட்டும். 2006 டெக்சாஸ் ஆளுநர் தேர்தலில் ரிக் பெர்ரியின் பிரசாரக் குழுவே ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தது. எந்தப் பகுதியில் எப்போது விளம்பரம் ஓட வேண்டும் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். விளம்பரம் ஓடிய வாரத்தில் ஆதரவு நன்றாக ஏறியது. ஓரிரு வாரத்தில் அந்த ஏற்றம் கரைந்தே போனது. தேர்தலுக்கு முந்தைய கடைசி வாரங்களில் என் ஸ்லாட்டுகள் பறிபோவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆனால் அதிபருக்குக் கீழே இருக்கும் பதவிகளின் கதை வேறு. பென்சில்வேனியாவில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கும் ஓட்டுப் போட வேண்டும். 2023இல் அப்படி ஒரு நீதிபதி இடத்துக்கு மெக்காஃப்ரி, கார்லூச்சியோ இருவரும் மோதியபோது, கருக்கலைப்பு உரிமையைச் சுற்றியே விளம்பரங்கள் பறந்தன. அதற்கு முன் இருவரில் யார் யார் என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? பெயரே கேள்விப்படாத ஆளைப் பற்றி முப்பது வினாடியில் கேட்பதுதான் மனசில் முதல் அபிப்பிராயமாக உட்கார்ந்துகொள்கிறது. பெரிய பதவியைவிட இந்த மாதிரிப் போட்டிகளில்தான் டிவி விளம்பரத்தின் தாக்கம் அதிகம் என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

விளம்பரத்தின் கடைசி நொடிகளையும் விடாமல் பாருங்கள். காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்றத்துக்கோ அதிபர் பதவிக்கோ நிற்பவரின் சொந்த விளம்பரம் என்றால், இதை நான் ஏற்கிறேன் என்று அவர் தன் குரலிலேயே சொல்லியாக வேண்டும். 2002இல் வந்த சட்டம் அது. வேட்பாளரின் குரல் இல்லாமல், இதற்குப் பொறுப்பு இன்ன குழு என்று வேறொரு குரல் சொன்னால், அது பெரும்பாலும் வேட்பாளரைச் சாராத வெளிக் குழுவினுடையது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. வேட்பாளரின் விளம்பரத்தில் பொய் இருந்தாலும் சேனல் அதில் கை வைக்க முடியாது, சட்டம் தடுக்கிறது. வெளிக் குழுவின் விளம்பரத்தை மறுக்கலாம். டிவியில் வந்துவிட்டதாலேயே யாரோ சரிபார்த்திருப்பார்கள் என்று நம்பிவிடாதீர்கள்.

விலையிலும் வித்தியாசம் உண்டு. தேர்தலுக்கு முந்தைய 60 நாட்களில் வேட்பாளருக்கு அந்த ஸ்லாட்டின் மிகக் குறைந்த கட்டணம்தான். சூப்பர் பேக் எனப்படும், வரம்பில்லாமல் பணம் திரட்டிச் செலவழிக்கும் வெளிக் குழுக்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. சேனல் கேட்கிற விலை. அரசியல் விளம்பரத்துக்கு யார், எந்த நேரத்தை, எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்பதைச் சேனல்கள் மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் இணையதளத்தில் போட்டாக வேண்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

என் வாடிக்கையாளரான ஒரு பல் மருத்துவருக்கு அந்தப் பக்கத்தை ஒருமுறை காட்டினேன். ராத்திரி போன் செய்தார். எந்தக் குழு, யாருக்கு எதிராக என்றெல்லாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "என் ஸ்லாட்டை இவ்வளவு விலைக்கா வித்தாங்க?" என்றார்.