கேம் பாய் திரையில் காணாமல்போகும் கோடுகள்

1989 ஏப்ரலில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நின்டெண்டோவின் கையடக்க ஆட்டக் கருவியான முதல் கேம் பாய் இன்று யாருடைய பரணிலிருந்தாவது இறங்கி வந்தால், அதன் திரையில் மேலிருந்து கீழாக ஒன்றிரண்டு கோடுகள் வெறுமையாகத் தெரிவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. ஆட்டம் ஓடும், ஒலி வரும், பொத்தான்கள் வேலை செய்யும். அந்தச் சில கோடுகளில் மட்டும் ஒரு புள்ளிகூடக் கறுக்காது. திரை போய்விட்டது என்று பலரும் அத்துடன் முடிவுகட்டி விடுகிறார்கள். பெரும்பாலான கருவிகளில் கண்ணாடிக்குள் கறுத்தும் வெளிறியும் படம் காட்டும் திரவப் படிகத்துக்கு ஒன்றும் ஆகியிருப்பதில்லை. அதற்கு மின்குறிப்பைக் கொண்டுசெல்லும் பசை ஒட்டுதான் விட்டுப்போயிருக்கும். திரையில் எது, எந்த வடிவத்தில் மறைகிறது என்பதைப் பொறுமையாகக் கவனித்தால், பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத் திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்பே ஓரளவு சொல்லிவிட முடியும்.

முதலில் பிரித்தறிய வேண்டியது, பழுது திரையிலா அல்லது திரைக்கு வரும் படத்திலா என்பது. இதற்கு ஒரு நல்ல சோதனையைக் கேம் பாயே வைத்திருக்கிறது. சுவிட்சைத் தள்ளியதும் நின்டெண்டோ என்ற எழுத்துகள் திரையின் உச்சியிலிருந்து மெல்ல இறங்கி நடுவில் வந்து நிற்கும். அந்த எழுத்துகளின் வடிவம் கருவிக்குள்ளிருந்து வருவதில்லை. ஆட்டத்தைத் தாங்கிச் செருகப்படும் பேழையான கார்ட்ரிட்ஜில் பதிந்துள்ள 48 பைட்டுகளைச் செயலி படித்து அப்படியே வரைகிறது. வரைந்து முடித்த பிறகே, தன்னுடைய 256 பைட் தொடக்க மென்பொருளில் இருக்கும் படியோடு அதை ஒப்பிடுகிறது. கார்ட்ரிட்ஜ் இல்லாமல் கருவியை இயக்கினால் எழுத்துகளுக்குப் பதிலாக ஒரு முழுக் கறுப்புச் செவ்வகம் இறங்கி வரும். அதன் வலப்பக்கத்தில், பதிவுபெற்ற வணிகக்குறியைக் காட்டும் சிறு வட்டக்குறி மட்டும் தெளிவாக இருக்கும், ஏனெனில் அந்தக் குறி கருவியின் நினைவகத்திலேயே இருக்கிறது. ஆகவே எழுத்துகள் சிதைந்து வட்டக்குறி மட்டும் ஒழுங்காக வந்தால், திரையைக் குறை சொல்ல இடமில்லை. கார்ட்ரிட்ஜின் தொடுமுனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தாலே போதுமானதாக இருக்கலாம். எழுத்துகள் சரியாக வந்து, ஊடே சில கோடுகள் மட்டும் விடுபட்டு, ஆட்டத்தின் காட்சி பக்கவாட்டில் நகரும்போதும் அந்த இடைவெளிகள் இருந்த இடத்திலேயே நின்றால், பழுது திரையைச் சேர்ந்தது.

இந்தப் பிரிப்பைச் செய்யாததால் வீணாகும் உழைப்பு கொஞ்சநஞ்சமல்ல. தொலைக்காட்சியோடு இணைக்கும், அதே நிறுவனத்தின் என்.இ.எஸ். கருவியில் படம் ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை தோன்றி மறைவது புகழ்பெற்ற நோய். அங்கே படத்தை உருவாக்கும் சுற்று நன்றாகவே இருக்கும். கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் 72 முனை இணைப்பி தளர்ந்து, கருவியிலுள்ள பூட்டுச் சில்லுக்கு கார்ட்ரிட்ஜிலுள்ள அதன் இணைச் சில்லிடமிருந்து சரியான பதில் வராததால், அது செயலியை மீண்டும் மீண்டும் தொடக்க நிலைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

கேம் பாயின் திரையில் 160 நிரல்களும் (செங்குத்து வரிசைகள்) 144 நிரைகளுமாக (கிடை வரிசைகள்) மொத்தம் 23,040 படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் தனிக்கம்பி போடுவது நடக்கிற காரியமல்ல. எனவே ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் இண்டியம் டின் ஆக்சைடு எனும் ஒளிபுகும் கடத்தியால் செங்குத்தாக 160 கோடுகளையும், எதிர்த்தகட்டில் கிடையாக 144 கோடுகளையும் வரைந்து, இடையில் திரவப் படிகத்தை நிரப்பியிருக்கிறார்கள். இரு கோடுகள் குறுக்கிடும் இடமே ஒரு படப்புள்ளி. இதனால் 304 இணைப்புகளே போதுமானவை ஆகின்றன. ஆனால் அவற்றில் ஒன்று அறுந்தாலும் ஒரு புள்ளி அல்ல, ஒரு கோடு முழுவதும் போய்விடும். தனித்தனிப் புள்ளிகளாக அல்லாமல் இந்தத் திரை கோடுகோடாகப் பழுதாவதன் காரணம் இதுதான்.

இந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு விலையும் உண்டு. நிரைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் தேர்ந்தெடுக்கப்படுகின்றன என்பதால், ஒரு புள்ளிக்கு அதற்குரிய முழு மின்னழுத்தம் ஒரு சுற்றில் 144-இல் ஒரு பங்கு நேரமே கிடைக்கிறது. மீதி நேரமெல்லாம் அதே நிரலிலுள்ள பிற புள்ளிகளுக்கான அழுத்தத்தை அதுவும் சிறிதளவு வாங்கிக்கொண்டிருக்கும். திரவப் படிகமோ இந்த ஏற்ற இறக்கங்களின் சராசரி ஆற்றலுக்கே எதிர்வினை காட்டுகிறது. நிரைகளின் எண்ணிக்கை கூடக்கூட, கறுக்க வேண்டிய புள்ளிக்கும் வெளிறியிருக்க வேண்டிய புள்ளிக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு எவ்வளவு சுருங்கும் என்பதை ஆல்ட், பிளெஷ்கோ என்ற இருவர் 1974-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்தச் சூத்திரத்தில் 144 நிரைகளைப் போட்டால் விடை 1.087. அதாவது வெளிறிய புள்ளிக்கு 1 வோல்ட் என்றால், கறுத்த புள்ளிக்கு அதிகபட்சமாக 1.09 வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கொடுக்க முடியும். இந்த ஒன்பது விழுக்காட்டுக்கும் குறைவான இடைவெளியில் ஒரு படத்தையே காட்ட வேண்டும். மூலக்கூறுகளின் முறுக்கத்தை வழக்கமான 90 பாகையிலிருந்து 180 பாகைக்கும் மேலாகக் கூட்டும் மீமுறுக்கத் திரவப் படிகம் 1980களின் தொடக்கத்தில் உருவாகாமல் இருந்திருந்தால், இத்தகைய திரை சட்டைப்பைக் கருவிக்கு வந்திருக்காது.

பழுது பார்ப்பவர்களுக்கு இந்த எண் மிகவும் பயனுள்ளது. கறுப்பான உருவம் ஒன்றின் மேலும் கீழும் அதே நிரலில் மங்கலான நிழல் படர்ந்தால், அது பழுது அல்ல, இந்தத் திரையின் இயல்பு. ஆனால் ஒரு நிரல் முழுமையாக மறையாமல் வெளிறி மட்டும் தெரிந்தால், அங்கே இணைப்பு அறுந்துவிடவில்லை, மின்தடை கூடியிருக்கிறது என்று பொருள். திரவப் படிகப் புள்ளி, மின்னூட்டத்தைச் சேமிக்கும் ஒரு சிறு மின்தேக்கியைப் போல நடந்துகொள்வதால், தடை கூடும்போது அது நிரம்பத் தாமதமாகிறது. சராசரி அழுத்தம் சில விழுக்காடு விழுந்தாலே இருக்கிற குறுகிய இடைவெளி காலியாகிவிடும். இன்று வெளிறிய கோடு நாளை காணாமல்போகும் கோடு.

இனி அந்த ஒட்டைப் பார்ப்போம். 47 மில்லிமீட்டர் அகலத்துக்குள் 160 நிரல்கள் என்றால், ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் இடம் 0.3 மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணாடியின் மேல் சால்டர் வைக்க முடியாது. ஆகவே மின்தடங்கள் வரையப்பட்ட ஒரு மெல்லிய வளையும் பட்டையை, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பிடித்துக்கொள்ளும் பசையால் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறார்கள். தொழிற்சாலையில் ஒரே அழுத்தலில் முடிந்த வேலை அது. முப்பது ஆண்டு வெயிலும் குளிரும் கண்ணாடியையும் பட்டையையும் வெவ்வேறு அளவில் விரித்துச் சுருக்கியதில் பசை இறுகி, அங்கங்கே மயிரிழை அளவு விலகிவிடுகிறது. நிரல்களுக்கான பட்டை திரையின் கீழ் ஓரத்தில் இருக்கிறது. திரைக்குக் கீழே இலேசாக அழுத்தும்போது மறைந்த கோடு மின்னி வந்து, விரலை எடுத்ததும் மறைந்தால், வேறு சோதனையே தேவையில்லை.

சரிசெய்யும் முறை இந்தக் காரணத்திலிருந்தே பிறக்கிறது: பசையை மறுபடி இளக்கி, இடைவெளியை மூட வேண்டும். பின்மூடியின் திருகாணிகளில் மூன்று சிறகு வெட்டு இருக்கும். அதற்கான திருப்புளி தனி. இரண்டு பாதிகளையும் பிரிக்கும்போது வேகமாக இழுக்கக் கூடாது, ஏனெனில் அவற்றை 21 கம்பிகள் கொண்ட தட்டையான கேபிள் ஒன்று இணைத்திருக்கிறது. திரைப் பலகையை எடுத்து, கண்ணாடியின் கீழ் ஓரத்திலுள்ள ரப்பர்ப் பட்டையை விலக்கினால் அந்த வளையும் பட்டை தெரியும். பிறகு கருவியை இயக்கத்திலேயே வைத்துக்கொண்டு, குறைந்த வெப்பத்தில் வைத்த சால்டரிங் அயர்னின் தட்டையான பக்கத்தால், கோடு மறைந்திருக்கும் இடத்துக்கு நேர் கீழே பட்டையின் மேல் மெல்ல அழுத்தி ஒரு பக்கமாக நகர்த்த வேண்டும். கோடு முதலில் பாதி வெளிறித் தோன்றி, அடுத்த இழுப்பில் கறுத்து நிலைக்கும். அதைக் கண்ணால் பார்த்தபடியே செய்ய முடிவதுதான் இந்த வேலையின் பெரும் வசதி. ஒரே இடத்தில் முனையை நிறுத்தினால் பட்டை உருகி, ஒரு கோட்டைத் தேடிப் போய்ப் பத்துக் கோடுகளை இழக்க நேரும். கண்ணாடி விரிசல் விடவும் கூடும். நன்றாகத் தெரியும் பக்கத்துக் கோடுகளையும் சேர்த்துத் தேய்த்துவிடும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது.

கிடைக்கோடுகள் மறைவது இதைவிட அரிது. நிரைகளுக்கான பட்டை திரையின் பக்கவாட்டில் இருக்கிறது. கொள்கை ஒன்றே என்றாலும் எட்டுவதும் சூடேற்றுவதும் கடினம். மறைவது கோடாக இல்லாமல் சாயலாக இருந்தால் தேட வேண்டிய இடம் வேறு. கேம் பாய் ஒவ்வொரு புள்ளியின் சாயலையும் இரண்டு தரவுக் கம்பிகளில் அனுப்புவதால்தான் நான்கு சாயல்கள் கிடைக்கின்றன; அவற்றில் ஒன்று அறுந்தால் திரை முழுவதும் இரண்டு சாயல்களே மிஞ்சும். அப்போது சந்தேகப்பட வேண்டியது அந்த 21 கம்பிக் கேபிளை. படமே இன்றித் திரை வெளிறிக் கிடந்து ஒலி மட்டும் வந்தால், திரைக்கென்று உள்ளே உருவாக்கப்படும் ஏறத்தாழ 19 வோல்ட் எதிர் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளந்து பார்க்கலாம்.

இதே பசை நோய் நின்டெண்டோவின் 1995-ஆம் ஆண்டு ஆட்டக் கருவியான வெர்ச்சுவல் பாயில் திசை மாறித் தெரிவது சுவையானது. அதில் திரவப் படிகம் இல்லை. ஒவ்வொரு கண்ணுக்கும் 224 சிவப்பு எல்.இ.டி.க்கள் ஒரே செங்குத்து வரிசையில் நிற்க, அதிரும் பிரதிபலிப்புக் கண்ணாடி ஒன்று அந்த வரிசையைப் பக்கவாட்டில் வீசி 384 நிரல்களாக விரித்துக் காட்டுகிறது. வரிசையில் எங்கே குறை இருந்தாலும் அது காட்சியின் முழு அகலத்துக்கும் இழுபட்டு, கிடைக்கோடாகவே தெரியும். கேபிளை அடுப்பில் வைத்துச் சூடாக்கிப் பசையை இளக்கும் குறுக்குவழி ஒன்று இதற்காகப் பேசப்படுகிறது. என் பார்வையில் அது நோயை ஒத்திப்போடுவது மட்டுமே. பசையைச் சுரண்டிவிட்டுக் கம்பிகளை நேரடியாகச் சால்டர் செய்வதே நிலைக்கும், இங்கே ஒட்டு கண்ணாடியோடு அல்ல, மின்சுற்றுப் பலகையோடு என்பதால் அதைச் செய்யவும் முடியும்.

செகாவின் கேம் கியர் வேறு வகை. 1990-இல் வந்த அந்த வண்ணத்திரைக் கருவியில் பழுது கோடாக வருவதில்லை. திரை முழுவதும் ஒருசேர மங்கும், கருவியைச் சாய்த்துப் பார்த்தால் மட்டும் படம் தெரியும், ஒலியும் சில வேளை ஈனமாகக் கேட்கும். எல்லாம் ஒன்றாக நலிந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான மின்வழங்கலைப் பார்க்க வேண்டும். அங்கே குற்றவாளி, பலகையின் மேல் அலுமினியக் குப்பிகளாக உட்கார்ந்திருக்கும் மின்பகுளி மின்தேக்கிகள். அவற்றுள் இருக்கும் திரவம் அடிமூடியை மீறிக் கசியும்போது தேக்குதிறன் குறைகிறது, உள்தடை கூடுகிறது, திரைக்குப் போகும் அழுத்தம் தன் சரியான நிலையிலிருந்து விலகுகிறது. திரவப் படிகத்தின் தோற்றம் பார்க்கும் கோணத்தையும் பொறுத்தது என்பதால்தான், விலகிய அழுத்தத்தைச் சாய்வான பார்வை ஓரளவு ஈடுசெய்கிறது. கசிந்த மின்தேக்கியின் காலில் சால்டரிங் அயர்ன் பட்டதும் மீன்வாடை ஒன்று எழும்; மல்டிமீட்டரைவிட விரைவாக நோயைச் சொல்லும் அடையாளம் அது. ஒன்றிரண்டை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஒரே வயதினவான எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். கசிவு செப்புத் தடங்களை அரித்திருக்கும் என்பதால் புதியதைப் பொருத்துமுன் பலகையைக் கழுவுவதும், நேர், எதிர் முனைகளை மாற்றிவிடாமல் பார்ப்பதும் முக்கியம். இதன் பின்னொளி ஒரு சிறு ஒளிர்குழல்; அதற்கான உயர் மின்னழுத்தச் சுற்றை இயக்கத்தில் இருக்கும்போது தொடக் கூடாது.

கோடும் அல்ல, முழு மங்கலும் அல்ல, திரையின் நடுவே எரிந்ததுபோன்ற கரும்படலம் என்றால், கெட்டிருப்பது கண்ணாடியின் மேல் ஒட்டப்பட்டுள்ள தளவிளைவாக்கித் தாள், அதாவது ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர். வெயிலில் விட்டுவைத்த கேம் பாய்களில் இது அடிக்கடி நேரும். பழைய தாளை உரித்து, எஞ்சிய பசையை ஆல்கஹாலால் கரைத்து, புதிய தாளை ஒட்டலாம். ஒட்டுவதற்கு முன் அதைக் கண்ணாடியின் மேல் பிடித்துச் சுழற்றிப் பார்க்க வேண்டும். 90 பாகை மாறினால் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் மாறிவிடும்.

ஓரத்தில் மை கொட்டியதுபோன்ற கறை பரவி, அழுத்தினால் நகர்ந்தால், கண்ணாடி விரிசல் விட்டுத் திரவப் படிகம் வெளியேறிக்கொண்டிருக்கிறது. அதற்கு மருந்து இல்லை. வேறொரு கருவியிலிருந்து எடுத்த திரையோ, இப்போது கிடைக்கும் புதிய வகைத் திரையோதான் வழி. புதிய திரைகள் துல்லியமானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் சில பழைய ஆட்டங்கள் உருவங்களை விரைவாக மின்னவிட்டு, பழைய திரையின் மந்தத்தை நம்பியே அவற்றை ஒளிபுகும் நிழல்களாகக் காட்டின. விரைவான திரையில் அவை வெறும் துடிப்பாகவே தெரிகின்றன. கண்ணாடி முழுதாக இருக்கும்வரை ஒட்டைச் சரிசெய்து பார்ப்பதையே நான் பரிந்துரைப்பேன்.