கடைசி பெஞ்சில் தூங்கியவன்

வடசென்னையில் ஒரு கலைக் கல்லூரியில், காலை ஷிப்டில் வணிகவியல் நடத்துகிறேன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள், "பசங்களை எப்படி சார் சமாளிக்கிறீங்க?" என்று கேட்பார்கள். சமாளிக்கத் தெரியாமல் நான் சொதப்பிய கதையைத்தான் சொல்வேன்.

அன்று முதல் பீரியட் காஸ்ட் அக்கவுண்டிங். கடைசி பெஞ்சில் ஒருவன் மூன்றாவது நாளாகத் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பி, "நீயெல்லாம் காசிமேட்டுல மீன் விக்கத்தான் லாயக்கு" என்றேன். அவன் நிதானமாக, "அங்கேர்ந்துதான் சார் வரேன். ஏலத்துல வந்து நின்னு பாருங்க, கணக்கு யாருக்கு வரும்னு தெரியும்" என்றான். வகுப்பு முழுக்க விசில். அவனை வெளியே அனுப்பினேன். ஒழுங்கீனம் என்று துறைத்தலைவரிடம் எழுதியும் கொடுத்தேன். நான் பேசியதை மட்டும் அதில் எழுதவில்லை.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே மீன் ஏலம் தொடங்கிவிடும். கூடை தூக்கிவிட்டு நேராக வகுப்புக்கு வருகிறான் என்பதை அவனுடைய நண்பன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இரவில் உணவு டெலிவரி ஓட்டுகிறவர்களும், கல்யாண கேட்டரிங் போகிறவர்களும் இங்கே உண்டு. தாமதத்துக்கும் காரணம் இருக்கும்: எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசை, மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர். அதற்காக எல்லாவற்றையும் விட்டுவிட முடியாது. பாடம் நடக்கும்போது ரீல்ஸ் பார்க்கிறவனுக்கு ஏலமும் இல்லை, லாரியும் இல்லை. சும்மாதான் பார்க்கிறான்.

ஆனால் அறுபது பேர் முன்னால் இப்போது சண்டை போடுவதில்லை. வேடிக்கை பார்க்க ஆள் இருக்கும்வரை அவனும் இறங்கி வரமாட்டான், நானும் வரமாட்டேன். அவன் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு பாடத்தைத் தொடர்வேன். பெரும்பாலும் போன் பைக்குள் போய்விடும். போகாவிட்டால், வகுப்பு முடிந்ததும் மாடிப்படியில் இரண்டு நிமிடம்: "என்ன தம்பி, நைட் வேலையா?" ஏரியா பெயரைச் சொல்லிக் குத்துவதையும், அவர்கள் பேசும் தமிழைக் கேலி செய்வதையும் அடியோடு விட்டேன். ஸ்டாஃப் ரூமில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அது வேறு கதை.

மாணவிகளைச் சீண்டுவது, மிரட்டுவது, ராகிங் இதற்கெல்லாம் மாடிப்படிப் பேச்சு கிடையாது. அன்றே முதல்வருக்கு எழுத்தில் புகார் போகும். ராகிங்குக்குத் தமிழ்நாட்டில் 1997-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. இரண்டு ஆண்டு வரை சிறை. புகாரில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நான் பேசியதையும் சேர்த்து.

அந்தப் பையனை எல்லார் முன்னாலும் அசிங்கப்படுத்தியதால், மன்னிப்பையும் எல்லார் முன்னாலும்தான் கேட்டேன். "விடுங்க சார்" என்றான். அடுத்த வாரம் படகு கணக்கை போர்டில் அவனையே போடச் சொன்னேன். டீசல், ஐஸ், ஆள் கூலி: இதில் எது மாறும் செலவு, எது நிலையான செலவு? ஆள் கூலி பங்கு முறையில், அதாவது மீன் விற்ற காசில் ஒரு பங்காகப் போனால் என்ன ஆகும் என்று அவன் கேட்டதற்கு நான் ஒரு நாள் அவகாசம் வாங்கினேன்.

ஏப்ரல் 15-ல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. வகுப்பில் அவன் தூங்குவது நின்றது. பக்கத்து பெஞ்சோடு பேச்சு ஆரம்பித்துவிட்டது.