மோனோகாக்: சுமக்கும் ஓடு

அபூர்வமான ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி எங்கே படித்தாலும் ‘கார்பன் ஃபைபர் மோனோகாக்’ என்ற தொடர் வந்துவிடும். ஏதோ உயர்ரகப் பொருளின் பெயர் என்று நினைத்துப் பலரும் அதைக் கடந்துபோகிறார்கள். கார்பன் ஃபைபர்தான் பொருள். மோனோகாக் என்பது கட்டும் முறை. வண்டியின் சுமையை எது தாங்குகிறது என்று கேட்டால் அதற்கான விடை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

கிரேக்கத்தில் ‘மோனோ’ என்றால் ஒற்றை. பிரெஞ்சில் ‘கோக்’ என்றால் ஓடு. முட்டை ஓடு, கொட்டையின் ஓடு, கப்பலின் அடியுடல் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். லேசாக வேகவைத்து, ஓட்டின் தலையை உடைத்து, ஸ்பூனால் அள்ளிச் சாப்பிடும் முட்டையை அங்கே ‘ஆ லா கோக்’ என்பார்கள். பிரெஞ்சு உச்சரிப்பு மோனோகோக். ஆங்கிலம் வழியாக வந்ததால் நமக்கு மோனோகாக் ஆகிவிட்டது.

இந்தச் சொல்லைப் புகழடைய வைத்தது கார் அல்ல, விமானம். 1912-இல் டெபர்டுசான் நிறுவனத்துக்காக லூயி பெஷரோ உருவாக்கிய பந்தய விமானத்தின் பெயரே ‘மோனோகாக்’. அந்தக் காலத்து விமானங்களில் மரச்சட்டங்களைக் கம்பியால் இழுத்துக் கட்டி, மேலே துணியைப் போர்த்தியிருப்பார்கள். சட்டம் சுமக்கும், துணி மூடும். பெஷரோவின் குழு மெல்லிய மரத்தகடுகளை ஓர் அச்சின் மேல் அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்ததும் அச்சை உருவிவிட்டது. மிஞ்சியது சில மில்லிமீட்டர் கனமுள்ள வழவழப்பான ஓடு. சுமந்ததும் அதுதான், மூடியதும் அதுதான். அதே ஆண்டு சிகாகோவில் ஜூல் வெட்ரின் இந்த விமானத்தில் கார்டன் பென்னட் கோப்பையை வென்றார். அடுத்த ஆண்டு மோரிஸ் பிரெவோ இதே வகை விமானத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிப் பறந்தார்.

ஆட்டுக்கு எலும்பு உள்ளே இருக்கிறது, நண்டுக்கு வெளியே இருக்கிறது. பழைய முறைக் கார் ஆட்டைப் போன்றது. கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எஞ்சினும் சக்கரமும் பூட்டிய சேஸிஸ் தனியாக ஓடி வந்து நிற்கும், அதன்மேல்தான் பாடி ஏறும். மோனோகாக் நண்டின் வகை. அதன் ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டு மீதி வண்டியை ஓட்ட முடியாது.

ஓடு ஏன் உசத்தி? ஒரு ஷூ பெட்டியை எடுத்து, மூடியைக் கழற்றிவிட்டு, இரு முனைகளையும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். சுலபமாகத் திருகிக்கொள்ளும். மூடியைப் போட்டுச் சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டு மறுபடியும் முறுக்குங்கள். அதே அட்டைதான், ஆனால் கை வலிக்கும். வேகமாக வளைவில் திரும்பும் காரின் உடலையும் இப்படித்தான் விசைகள் முறுக்குகின்றன. உடல் திருகினால் அதுவே இன்னொரு ஸ்பிரிங்காக வேலை செய்யத் தொடங்கிவிடும். சஸ்பென்ஷனை எவ்வளவு நுணுக்கமாக அமைத்தாலும் பயனில்லை, டயர் சாலையில் செய்வது ஸ்டியரிங் பிடித்த கைக்குத் தெளிவாக வந்து சேராது. எஞ்சின் குதிரைத்திறனைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. நல்ல ஸ்போர்ட்ஸ் காரின் குணம் பிறப்பது இங்கேதான்.

ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு இந்த முறையை முழுமையாகக் கொண்டுவந்தது 1962-இல் காலின் சாப்மனின் லோட்டஸ் 25. அலுமினியத் தகட்டால் ஆன அதன் உடல் மேலே திறந்திருந்ததால் குளியல் தொட்டி போலத் தெரியும். கார்க்காரர்கள் இன்றும் மோனோகாக்கை ‘டப்’ என்று அழைப்பதைக் கேட்கலாம். அடுத்த பெரிய தாவல் 1981-இல் நடந்தது. ஜான் பர்னார்ட் வடிவமைத்த மெக்லாரன் எம்பி4/1 காருக்கு அமெரிக்காவின் ஹெர்குலிஸ் நிறுவனம் கார்பன் ஃபைபரில் ஓடு செய்து கொடுத்தது. மோதினால் தூளாகிவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. அந்த ஆண்டே மோன்சா பந்தயத்தில் ஜான் வாட்சன் தடுப்பில் மோதினார். எஞ்சின் பிய்ந்து தனியே போயிற்று, ஓடு முழுதாக நின்றது. வாட்சன் தானாக இறங்கி நடந்து வந்தார்.

சாலைக் காரில் இதற்குப் பெயர் வாங்கியது 1992-இல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1. பந்தய வண்டியிலிருந்து பிறந்த ஜாகுவார் எக்ஸ்ஜேஆர்-15 சற்று முந்திக்கொண்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எஃப்1-ஐ உருவாக்கிய கார்டன் மர்ரி ஓட்டுநரை நடுவில் உட்காரவைத்து, இரு பக்கமும் சற்றுப் பின்னால் பயணிகளை அமர்த்தினார். மொத்தம் 106 வண்டிகள்தான். பிசின் ஊறிய கார்பன் துணியைக் கத்தரித்து, எந்தத் திசையில் விசை வருமோ அந்தத் திசையில் இழை ஓடும்படி அச்சில் அடுக்க வேண்டும். பிறகு காற்றை உறிஞ்சிவிட்டு, ஆட்டோகிளேவ் என்னும் அழுத்த அடுப்பில் சூடேற்றி இறுகவைக்க வேண்டும். இப்படிச் செய்த ஓட்டுக்கு அளவுமீறிய சூடு ஆகாது. அதனால்தான் எஃப்1-இன் எஞ்சின் அறையில் வெப்பத்தைத் திருப்பியடிக்கத் தங்கத் தகடு ஒட்டினார்கள். அந்த மினுமினுப்பை ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்கு அதன் காரணத்தைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி.

ஃபெராரியின் இரண்டு கார்களை அருகருகே வைத்தால் சொல் இன்னும் துலங்கும். 1987-இன் எஃப்40-க்கு உள்ளே எஃகுக் குழாய்ச் சட்டம் உண்டு. 1995-இன் எஃப்50 கார்பன் ஓடு. அதன் எஞ்சினை ஓட்டின் பின்புறம் நேராகப் பூட்டிவிட்டார்கள், பின் சஸ்பென்ஷனின் சுமையை எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து தாங்குகின்றன. அதிர்வு முழுவதும் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வரும். அதைத் தெரிந்தேதான் செய்தார்கள்.

இனி மோனோகாக்குக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று பார்ப்போம். சட்டென்று மனதில் தோன்றுவது ‘ஒற்றைக்கூடு’. எனக்கு அதில் உடன்பாடில்லை. நத்தைக்கூடு என்று சொல்கிறோம்தான். ஆனால் எலும்புக்கூடு, கிளிக்கூடு, குருவிக்கூடு என்று கேட்கும்போது கம்பியும் குச்சியும் இடைவெளியுமாகத்தான் கண்ணில் வருகிறது. அந்தச் சொல் எஃப்40-இன் குழாய்ச் சட்டத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும். எதற்கு மாற்றாக மோனோகாக் வந்ததோ அதன் பெயரையே மோனோகாக்குக்கு வைப்பது சரியல்ல.

‘ஓடு’ பிரெஞ்சு ‘கோக்’கை அப்படியே தாங்கும். முட்டை ஓடு, ஆமை ஓடு, நண்டு ஓடு, மண்டை ஓடு, திருவோடு. உள்ளே இருப்பதைக் காப்பதும், தானே வடிவமாக நிற்பதும் இவை எல்லாவற்றுக்கும் பொது. ஆனால் ‘ஒற்றையோடு’ என்று சேர்த்து எழுதினால் ஒரு சிக்கல் வருகிறது. ‘அண்ணனோடு’ என்பதில் வரும் மூன்றாம் வேற்றுமை உருபாக அந்த ‘ஓடு’ மாறி, ஏதோ ஒன்றுடன் சேர்ந்து என்ற பொருள் தந்துவிடும். ‘ஓரோடு’ காதில் நிற்கவில்லை.

என் பரிந்துரை ‘தாங்கோடு’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. தாங்கிய, தாங்குகின்ற, தாங்கும் ஓடு. ‘தாங்கு’ என்பதை இங்கே வினையாகவே படிப்போம், அதனால் உருபுக் குழப்பம் வராது. ‘மோனோ’வை நான் விட்டுவிட்டதைக் குறையாகச் சொல்லலாம். எண்ணிக்கையை விட, ஓடே சுமக்கிறது என்பதுதான் இந்த முறையின் உயிர். சொல் பழகும்வரை ‘தாங்கு ஓடு’ என்று பிரித்தும் எழுதலாம். வேற்றுமை ஏற்கும்போது வீடு, வீட்டில் போலவே தாங்கோட்டை, தாங்கோட்டில் என்று வரும்.

நம் தெருவில் நிற்கும் சாதாரணக் கார்களில் பெரும்பாலானவையும், பழைய அம்பாசடரும்கூட, தனிச் சேஸிஸ் இல்லாதவைதான். ஆனால் அவற்றின் எஃகுத் தகட்டுக்கு அங்கங்கே விலா எலும்பு போல முட்டு கொடுத்திருப்பார்கள். கறாராகச் சொன்னால் அவை அரைத் தாங்கோடு.

எழுதிப் பார்க்கிறேன்: ‘மெக்லாரன் 12சி காரின் கார்பன் தாங்கோட்டின் எடை 75 கிலோ. கூரையை மடக்கும் ஸ்பைடர் வகைக்கும் அதே தாங்கோடுதான். கூரையை எடுத்த பிறகும் அதற்குத் தனியாக முட்டு தேவைப்படவில்லை.’