ஆயிரம் ரூபாய் அபராதம், மூன்று நாள் வியாபாரம்

எங்கள் ஊர் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் வாரத்தில் ஒரு நாள் பெட்டி கேஸ், அதாவது சிறு குற்ற வழக்குகளுக்கான நாள். பத்தரை மணிக்கு முன்பே வராந்தா நிறைந்துவிடும். டவாலி பெயரைக் கூப்பிட, உரியவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய்க் கைகட்டி நிற்பார். “ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டியிருக்கிறீர்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?” “ஒப்புக்கொள்கிறேன் ஐயா.” தொகை சொல்லப்படும். அவர் பெஞ்ச் கிளார்க் பக்கம் நகர்வார், அடுத்த பெயர். ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்துக்காகச் சிலர் இரண்டு பஸ் மாறி வந்திருப்பார்கள். நடுவரின் மேசையில் ஜாமீன் மனு, அடிதடி வழக்கு, காசோலை வழக்கு என்று கட்டுகள் காத்திருக்கும்.

22 ஆண்டுகளாக இந்த வராந்தாவில் நிற்கிறேன். என் வழக்குகளில் பாதி இங்கே; மறுபாதி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில். அங்கே நான் ஆஜராவது அடிபட்டவர்களுக்காகவும் இறந்தவர்களின் குடும்பங்களுக்காகவும். தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. 17,884 பேர் இறந்தார்கள். விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் நமக்கு. தலைக்கவசம் பெட்ரோல் டேங்கின் மேல் பத்திரமாக இருக்க, தலை தார்ச்சாலையில் மோதி இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளை வரி வரியாகப் படித்தவள் நான். ஆகவே, சிறு போக்குவரத்துக் குற்றங்களுக்கான தண்டனை முறையை மாற்ற வேண்டும் என்று நான் எழுதுவதை, விட்டுவிடச் சொல்கிறார் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தண்டனை வேண்டும். ஆனால் இப்போது தரப்படும் தண்டனை தவறு செய்தவனைத் திருத்தவும் இல்லை, செய்யாதவனைக் காப்பாற்றவும் இல்லை.

சென்ற கார்த்திகையில் இளநீர் வியாபாரி ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். மொபெட்டின் இருபுறமும் குலைகளைக் கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுவந்து, பஸ் நிறுத்தத்தை ஒட்டிய வேப்பமரத்தடியில் விற்பவர். கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியை மகள் படித்துச் சொல்லியிருக்கிறாள்: பின்னால் உட்கார்ந்தவர் தலைக்கவசம் அணியவில்லை, அபராதம் ஆயிரம் ரூபாய். “வக்கீலம்மா, என் வண்டியில் பின்னால் குலை உட்காரவே இடம் போதாது. ஆள் எங்கே உட்காருவது?” என்றார். இ-சலானோடு, அதாவது மின்னணு அபராத அறிவிப்போடு, இணைத்திருந்த படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். கறுப்பு ஸ்கூட்டர், அதில் இரண்டு இளைஞர்கள். நம்பர் பிளேட்டின் கடைசி எண்ணில் பாதியைச் சேறு மறைத்திருந்தது. எட்டு, மூன்றாகத் தெரிந்தது. மூன்றில் முடிவது இவருடைய வண்டி.

கட்டினால் அன்றே முடிந்துவிடும். ஆனால் கட்டுவது ஒப்புக்கொள்வதாகும். மோட்டார் வாகனச் சட்டத்தில் தலைக்கவசம் தொடர்பான 194டி பிரிவில் ஆயிரம் ரூபாயோடு மூன்று மாதம் ஓட்டுநர் உரிமம் செல்லாது என்ற வரியும் சேர்ந்தே இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது. அதைச் சொன்னேன். “செய்யாத தப்பை நான் எதற்காக ஒப்புக்கொள்ள வேண்டும்?” என்றார். சலான் வழக்குகளை இணையவழியில் கையாளும் மெய்நிகர் நீதிமன்றத்தின் இணையதளத்தில், எதிர்த்து வழக்காட விரும்புகிறேன் என்பதைத் தேர்ந்தெடுத்தோம். வழக்கு எங்கள் நடுவர் நீதிமன்றத்துக்கு வந்தது.

முதல் வாய்தாவில் வழக்குக் கட்டு வந்து சேரவில்லை. இரண்டாவதில், வர வேண்டிய எஸ்.ஐ. திருவிழா பந்தோபஸ்துக்குப் போய்விட்டார். மூன்றாவதில் நடுவர் விடுப்பு. இதில் தனித்தனியாக யார் மீதும் குற்றமில்லை. ஆனால் நூறு இளநீர் விற்றால் அவர் கையில் நிற்பது எழுநூறு, எண்ணூறு ரூபாய். மூன்று நாள் கடை போடவில்லை. இரண்டாயிரத்துக்கு மேல் போய்விட்டது. தன் மீது தவறில்லை என்று சொல்வதற்கு அபராதத்தைப் போல இரண்டு மடங்கு செலவு. தவறு செய்யாதவன் பணத்தைக் கட்டிவிட்டுப் போவதே லாபம் என்று ஒரு தண்டனை முறை சொல்லுமானால், அந்த முறையில் வசூலாகும் தொகையை வைத்துச் சட்டம் மதிக்கப்படுகிறது என்று எப்படிச் சொல்வது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் வந்தது. 2019-இல் திருத்தப்பட்டு, அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் புதிய அபராதங்கள் நடைமுறைக்கு வந்தன. 177-ஆம் பிரிவில் பொதுவான சிறு மீறல்களுக்கு இருந்த நூறு ரூபாய் ஐந்நூறாயிற்று. உரிமம் இல்லாமல் ஓட்டினால் ஐந்நூறாக இருந்தது ஐயாயிரமாயிற்று. தமிழ்நாட்டில் புதிய தொகைகளை வசூலிக்கத் தொடங்கியது 2022 அக்டோபரில். இனி மத்திய அரசு ஆண்டுதோறும் பத்து சதவீதம் வரை தொகையை உயர்த்திக்கொள்ளவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. தொகை ஐந்து மடங்கு, பத்து மடங்கு ஆயிற்று. அது போகும் பாதை மட்டும் பழைய பாதையாகவே இருக்கிறது.

ஐயாயிரம் என்று கேட்டவுடன் பயம் வந்துவிடும் என்று நினைத்தார்கள். நான் பார்த்தவரை, மாட்டமாட்டோம் என்ற நம்பிக்கை இருக்கும்வரை எந்தத் தொகையும் பயமுறுத்துவதில்லை. இந்தச் சந்திப்பில் தப்பினாலும் அடுத்த சந்திப்பில் நிச்சயம் பிடிபடுவோம், பத்து நாளில் வீட்டுக்குத் தாள் வந்துவிடும் என்று தெரிந்தால் ஐந்நூறு ரூபாய்க்கும் கை தானாகத் தலைக்கவசத்தை எடுக்கும். மாறாக, தொகை பெரிதாகப் பெரிதாகச் சாலையோரப் பேரமும் பெரிதாகிறது. இதை என் கட்சிக்காரர்கள் பலர் வாய்விட்டே சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல், எல்லாமே ஒரே சாக்கில் கிடக்கிறது. இன்சூரன்ஸ் முடிந்து நான்கு நாளாகியும் புதுப்பிக்க மறந்தவரும், பள்ளி விடும் நேரத்தில் சிவப்பு விளக்கைத் தாண்டிப் பறந்தவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இன்சூரன்ஸ் இல்லாததற்கு இரண்டாயிரம் ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று 196-ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது. சிவப்பு விளக்கைத் தாண்டுவதை 184-ஆம் பிரிவு அபாயகரமான ஓட்டுதலாகச் சொல்கிறது. ஓராண்டு வரை சிறை. ஆனால் அதே மீறலைச் சாலைக் குறியீட்டுக்குக் கீழ்ப்படியாதது என்று 177-இன் கீழ் ஐந்நூறு ரூபாய்க்கும் எழுதலாம். எதை எழுதுவது என்பது எழுதுபவரின் கையில். மறதி என்பது வேறு, ஆபத்து என்பது வேறு. முன்னதற்கு நினைவூட்டலும் சிறு அபராதமும் போதும். பின்னதற்குப் பணம் எவ்வளவு கட்டினாலும் போதாது, வண்டியை விட்டு இறக்க வேண்டும்.

இந்த இடத்தில் இளைஞர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சாலையில் அரசு அதிகாரம் அளித்த அதிகாரியிடம் அபராதம் கட்டி முடிப்பதும், நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டுவதும் ஒன்றல்ல. முன்னது 200-ஆம் பிரிவின்படி இணக்கமாகத் தீர்த்துக்கொள்வது. அந்தக் குற்றத்துக்காக மேல்நடவடிக்கையோ வழக்கோ இல்லை. பின்னது குற்றவியல் நீதிமன்றம் தரும் தண்டனைத் தீர்ப்பு. ஒரு பெட்டி கேஸ் நாளில், காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் உரிமம் இல்லாத வழக்கில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுச் சிரித்தபடி வெளியே வந்தான். பின்னால் விண்ணப்பப் படிவத்தில், ‘உங்கள் மீது குற்ற வழக்கு உண்டா, தண்டனை பெற்றதுண்டா’ என்ற கேள்வியைப் பார்த்ததும் என்னிடம் ஓடி வந்தான். உண்மையை எழுதச் சொன்னேன். அற்பமான வழக்குகளை மறைத்தவர்கள் விஷயத்திலும் வேலை தருபவர் குற்றத்தின் தன்மையைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் அவதார் சிங் வழக்கில் 2016-இல் சொல்லியிருக்கிறது. ஆறுதலான தீர்ப்புதான். ஆனால் அது வேலை தருபவரின் கருணையை நம்பி நிற்பது. உரிமம் எடுக்காமல் வண்டியை எடுத்தது தவறு. அதற்காகக் கொலைக் குற்றவாளியும் அவனும் ஒரே கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுத வேண்டியிருப்பது எந்த நியாயத்தில் சேரும்?

ஜெர்மனி 1968-இல் சட்டம் இயற்றிச் சிறு போக்குவரத்து மீறல்களைக் குற்றவியல் சட்டத்திலிருந்தே வெளியே எடுத்தது. அங்கே அவை ஒழுங்கு மீறல்கள். நிர்வாக அலுவலகம் அபராதம் விதிக்கும். ஏற்க மறுப்பவர் மட்டும் நீதிமன்றம் போவார். அதே நேரத்தில், ஆபத்தான மீறல் ஒவ்வொன்றுக்கும் புள்ளி ஏறும். எட்டுப் புள்ளி சேர்ந்தால் உரிமம் போய்விடும். பணம் இருப்பவர் பணத்தைக் கட்டித் தப்ப முடியாத இடம் அது. பின்லாந்து 1921-இலிருந்தே அபராதத்தை வருமானத்தோடு இணைத்திருக்கிறது. வேக வரம்பை மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் மீறினால், அவரவர் நாள் வருமானத்தைக் கணக்கிட்டு அபராதம். 2002-இல் நோக்கியா நிறுவன உயர் அதிகாரி ஒருவருக்கு இப்படி 1,16,000 யூரோ விதிக்கப்பட்டது. பின்னர் அது வெகுவாகக் குறைக்கப்பட்டாலும், விதித்தது விதித்ததுதான். நம் ஊரில் அதே ஆயிரம் ரூபாய் இளநீர் வியாபாரிக்கு ஒன்றரை நாள் பிழைப்பு, கார்க்காரருக்கு ஒரு வேளை ஓட்டல் சாப்பாடு. எல்லாருடைய வருமானக் கணக்கும் பதிவில் இல்லாத நாட்டில் பின்லாந்து முறையை அப்படியே கொண்டுவர முடியாது என்பது எனக்குத் தெரியும். புள்ளி முறையைக் கொண்டுவர அந்தத் தடை இல்லை. உரிமம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

நான் கேட்பது இதுதான். ஆவணக் குறைபாடுகளை நடுவரின் மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். முதல் முறை என்றால் எச்சரித்து, குறிப்பிட்ட நாளுக்குள் புதுப்பித்துக் காட்டினால் முடித்துவிடுங்கள். மறுப்பவருக்கு, தாலுகா அளவில் படத்தைப் பார்த்து முடிவு சொல்லும் அதிகாரி ஒருவர் இருக்கட்டும். அவர் மாலையில் உட்காரட்டும், விடுமுறை நாளில் உட்காரட்டும். தவறான வண்டிக்குப் போன சலானை ரத்து செய்ய ஒரு படமும் ஐந்து நிமிடமும் போதும். ஆபத்தான ஓட்டுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், பந்தயம் ஆகியவை நீதிமன்றத்திலேயே இருக்கட்டும். அங்கே நேரம் மிச்சமானால் அந்த வழக்குகளாவது ஒழுங்காக நடக்கும்.

இதில் எல்லாவற்றுக்கும் புதுச் சட்டம் வேண்டியதில்லை. அபராதத்தோடு சமூக சேவையையும் மாநில அரசு விதிக்கலாம் என்று 2019 திருத்தமே 200-ஆம் பிரிவில் சொல்கிறது. அரசு மருத்துவமனை எலும்பு முறிவு வார்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சக்கர நாற்காலி தள்ளிய இளைஞனுக்குத் தலைக்கவசம் எதற்கென்று யாரும் வகுப்பு எடுக்க வேண்டியிருக்காது. அதே போல, பல சிறு வழக்குகளில் நேரில் வராமல் வழக்கறிஞர் மூலம் ஆஜராகவோ, பதிவுத் தபாலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் அனுப்பவோ வழிசெய்யும் வகையில் சம்மன் அனுப்பலாம் என்று 208-ஆம் பிரிவு இருக்கிறது. நான் பார்த்த சம்மன்களில் இந்த விவரம் புரியும்படி எழுதியிருந்தவை மிகக் குறைவு.

சீர்திருத்தம் வரும்வரை நீங்கள் செய்ய வேண்டியவை சில. சலான் வந்த அன்றே படத்தைத் திறந்து, வண்டியின் வகை, நிறம், எண், இடம், நேரம் ஐந்தையும் பாருங்கள். கேமராவில் பதிவான மீறல் என்றால் பதினைந்து நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ, தேதியைச் சரிபாருங்கள். வெறும் அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கப் பொதுவாக ஆறு மாதமே கால வரம்பு. பழைய சலானுக்குத் திடீரெனச் சம்மன் வந்தால் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அரசின் டிஜிலாக்கர் செயலியில் உள்ள உரிமத்தையும் ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றையும் காட்டினாலே போதும். காகிதம் கையில் இல்லை என்பதற்காக அபராதம் கட்ட வேண்டியதில்லை. கைப்பேசி எண்ணை மாற்றியிருந்தால் வாகனப் பதிவிலும் மாற்றுங்கள். வண்டியை விற்கப் போகும் நாளில்தான் நான்கு சலான் நிலுவையில் இருப்பதைக் கண்டு திகைத்தவர்கள் என்னிடம் வாராவாரம் வருகிறார்கள். விற்ற வண்டியைப் பெயர் மாற்றாமல் விட்டவர்களின் கதை இதைவிட மோசம். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இளநீர் வியாபாரியின் வழக்கு நான்காவது வாய்தாவுக்குத் தள்ளிப்போயிருக்கிறது. தேதியைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். மே மாதம் இரண்டாவது வாரம், கத்திரி வெயில் நடுவில். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “அந்த நாள்களில்தான் இருநூறு காய் போகும் அம்மா” என்றார். வந்துவிடுவதாகவும் சொன்னார்.