தோலைத் தொட்ட பிறகு குண்டு என்ன செய்கிறது?

தென் ஆப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்து முள்காடு. அறுபது மீட்டர் தொலைவில் ஒரு கூடூ மான் கிடா நிற்கிறது. இருநூறு கிலோவுக்கு மேல் எடை, திருகித் திருகி மேலே போகும் கொம்பு. உடம்பு நேர் பக்கவாட்டில் இல்லை, கொஞ்சம் நம் பக்கம் திரும்பியிருக்கிறது. குண்டு முதலில் தோள் எலும்பையும் அதன் மேலுள்ள கனத்த தசையையும் தாண்ட வேண்டும். அப்புறம்தான் நுரையீரல், இதயம். தோலைத் தொட்டதிலிருந்து மறுபக்கம் போய்ச் சேரும்வரை குண்டுக்குக் கிடைப்பது ஒரு நொடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த மான் சில நொடிகளில் சாகுமா, இரண்டு நாள் காட்டுக்குள் துடித்துக்கொண்டே அலையுமா என்பது அதற்குள் முடிவாகிவிடும்.

அங்கே வேட்டை சட்டப்படி நடக்கிறது, பெரும்பாலும் வேலியிட்ட தனியார் பண்ணைகளில். நடப்பதென்றால் விலங்கு வதைபடாமல் நடக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. குண்டைப் பற்றி இவ்வளவு யோசிப்பதும் அதற்காகத்தான்.

பேச்சில் தோட்டாவும் குண்டும் ஒன்றாகிவிடுகின்றன. தோட்டா என்பது பித்தளைக் கூடு, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது. குழலை விட்டுப் பறப்பது குண்டு மட்டும். வேட்டைக்காரர்கள் மணிக்கணக்கில் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவார்கள். ஆனால் விலங்கைத் தொடுவது அந்த 11, 12 கிராம் உலோகம் ஒன்றுதான்.

அது உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது? தசையும் நுரையீரலும் பெரும்பாலும் தண்ணீர்தான். .30-06 ரகத் துப்பாக்கியிலிருந்து 180 கிரெயின் குண்டு (சுமார் 11.7 கிராம்) நொடிக்கு 820 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. நொடிக்கு 800 மீட்டரில் தண்ணீர் போன்ற ஒன்றில் மோதினால் குண்டின் மூக்கில் ஏறும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல சுமார் 3,200 மடங்கு. வேகம் பாதியானால் அழுத்தம் பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும், அதாவது 800 மடங்கு. வேகத்தின் இருமடிக்கு ஏற்ப அழுத்தம் மாறுவதால் வரும் கணக்கு இது. ஈயமோ சில நூறு மடங்குக்கே வளைந்துகொடுத்துவிடும். அதனால் ஈய மூக்கு நசுங்கி, பின்பக்கமாக மடங்கி, காளான் குடைபோல விரிகிறது. விட்டம் இரண்டு மடங்கானால் முகப்பின் பரப்பு நான்கு மடங்கு. அந்த அகன்ற முகம்தான் நுரையீரலில் பெரிய வழியைத் திறந்து, இரத்த அழுத்தத்தைச் சரித்து, மூளைக்கு இரத்தம் போகாமல் செய்கிறது.

ஆனால் விரிந்த குடை பிரேக்கும்கூட. அதிகமாக விரிந்தால் ஆழம் போகாது. விரியாவிட்டால் ஊசி குத்தியதுபோல மெல்லிய துளையிட்டு மறுபக்கம் போய்விடும், மானும் ஓடிவிடும். குண்டு செய்பவர்களின் நூறாண்டுப் பாடு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் இடம் உண்டு. கொல்கத்தா விமான நிலையம் இருக்கும் டம்டம் பகுதியில் ஆங்கிலேயரின் ஆயுதச் சாலை இருந்தது. 1890களில் அங்கே, முனையில் செம்பு உறை இல்லாமல் ஈயம் வெளியே தெரியும் குண்டைச் செய்தார்கள். உடம்பில் பட்டதும் விரியும் குண்டு. ‘டம்டம் குண்டு’ என்ற பெயர் உலகம் முழுக்கப் பரவியது. 1899இல் ஹேக் மாநாட்டுப் பிரகடனம் போரில் அத்தகைய குண்டுகளைத் தடைசெய்தது. வேட்டையில் நிலைமை தலைகீழ். விரியாத குண்டால் மானைச் சுடுவதுதான் அங்கே கொடுமை.

பழைய ஈயக் குண்டின் குறை கிட்டத்தில் சுடும்போது தெரியும். வேகம் இன்னும் குறையாமல் போய்த் தோள் எலும்பில் மோதினால் ஈயம் உறையிலிருந்து கழன்று சிதறிவிடும். 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கருக்கு இதுதான் நடந்தது. உடம்பெல்லாம் சேறு காய்ந்த ஒரு மூஸ் மானை அவர் சுட்டார். குண்டுகள் ஆழமாகப் போகவே இல்லை. ஊர் திரும்பியவர் குண்டின் நடுவில் ஒரு சுவர் வைத்தார். அவருடைய ‘பார்ட்டிஷன்’ குண்டை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் ஆங்கில H எழுத்து தெரியும். மேல் அறை ஈயம் நசுங்கி விரியும், சிதறினாலும் பாதகமில்லை. குறுக்குச் சுவருக்குக் கீழே உள்ள ஈயம் அப்படியே நின்று குண்டை உள்ளே தள்ளிக்கொண்டு போகும். 1948இல் விற்பனைக்கு வந்த அந்தக் குண்டு இன்றும் கடையில் கிடைக்கிறது.

அப்புறம் ஈயத்தையும் உறையையும் பற்றவைத்து ஒட்டிய குண்டுகள் வந்தன. 1980களின் இறுதியில் பார்ன்ஸ் நிறுவனம் ஈயமே இல்லாத முழுத் தாமிரக் குண்டைக் கொண்டுவந்தது. அதன் மூக்கில் ஒரு சின்னக் குழி. உடம்பின் ஈரம் அதற்குள் புகுந்து உள்ளிருந்து அழுத்த, மூக்கு நான்கு இதழாகப் பிளந்து பூப்போல விரியும். எடை ஏறக்குறைய குறைவதே இல்லை. ஆனால் தாமிரம் ஈயத்தைவிடக் கெட்டி, அது விரிய வேகம் வேண்டும். பொதுவாகவே வேட்டைக் குண்டுகள் பலவும் நொடிக்கு சுமார் 550 மீட்டருக்குக் கீழே சரியாக விரிவதில்லை. தாமிரத்துக்கு அதையும்விடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லது. அதனால்தான் 180 கிரெயின் ஈயக் குண்டு போடுபவர் தாமிரத்தில் 165 போதும் என்கிறார். எடை குறைந்தால் வேகம் கூடும்.

நமீபியாவின் சட்டம் இதையெல்லாம் ஜூல் கணக்கில் சொல்கிறது. ஸ்பிரிங்பாக் போன்ற சிறிய மான்களுக்கு 1,350 ஜூல், கூடூ, வில்டபீஸ்ட், ஈலாண்ட் போன்ற பெரிய மான் வகைகளுக்கு 2,700, யானைக்கும் காட்டெருமைக்கும் 5,400. குழல் வாயில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல் இது. நல்ல சட்டம்தான், சின்னத் துப்பாக்கியோடு பெரிய விலங்கைத் தேடிப் போவதைத் தடுக்கிறது. நாம் பார்த்த .30-06 குண்டில் சுமார் 3,900 ஜூல் இருக்கிறது, தாராளம். ஆனால் அதே 3,900 ஜூலோடு ஒரு குண்டு தோளிலேயே பொடியாகலாம், இன்னொன்று இதயம்வரை போகலாம். ஜூல் அதைச் சொல்லாது.

ஆப்பிரிக்கச் சமவெளி வேட்டையின் சிக்கல் என்னவென்றால், ஒரே பயணத்தில் எல்லாம் எதிர்ப்படும். காலையில் திறந்த வெளியில் 250 மீட்டருக்கு அப்பால் நாற்பது கிலோ ஸ்பிரிங்பாக். மாலையில் புதருக்குள் வில்டபீஸ்ட். தோளில் சுட்டாலும் எளிதில் விழாத முரட்டு ஜீவன். மறுநாள் தொள்ளாயிரம் கிலோவரை வளரும் ஈலாண்ட். ஒவ்வொன்றுக்கும் தனிக் குண்டு என்றால், குண்டு மாறும்போது படும் இடமும் மாறும், குறி பிசகும். ஆகவே ஒரே குண்டு, பட்டியலில் உள்ள பெரிய விலங்கை நினைத்துத் தேர்ந்தெடுத்த குண்டு. அது சின்ன மானை ஊடுருவிப் போகும்தான். அதனால் பின்னால் இன்னொரு மான் நிற்கவில்லை என்று பார்த்துவிட்டே விசையைத் தொட வேண்டும். மந்தை விலங்குகளிடம் இது சாதாரண எச்சரிக்கை இல்லை.

மாலையில் தோலுரிக்கும் கொட்டகையில் சில நேரம் குண்டு கிடைக்கும். மறுபக்கத் தோளின் தோலுக்கு அடியில் ஒரு சின்னப் புடைப்பு. தோல் ரப்பர்போல இழுபட்டு, வேகம் தீர்ந்த குண்டைப் பிடித்து நிறுத்தியிருக்கும். கத்தி முனையால் கீறினால் உள்ளங்கையில் உருண்டு விழும், இதழ் ஓரத்தில் ஒரு துளி எலும்பும் மயிரும் ஒட்டியிருக்கும். ஈயக் குண்டாக இருந்தால் எடை போடும்போது மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கலாம். காணாமல் போனது மானுக்குள் பொடித் துகள்களாகக் கிடக்கிறது.

அந்த மானின் குடலை வெளியே போட்டால் முதலில் இறங்குவது பாறுக் கழுகுகள். அவற்றின் வயிற்று அமிலம் ஈயத்தைக் கரைத்து இரத்தத்தில் சேர்த்துவிடும். போட்ஸ்வானாவில் வெண்முதுகுப் பாறுகளின் இரத்தத்தைச் சோதித்தவர்கள் வேட்டைக் காலத்தில் ஈயம் கூடுவதைக் கண்டார்கள். ஏற்கெனவே அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை அது. இதைப் படித்த பிறகு எனக்கு இதில் தயக்கம் இல்லை. தொலைவைக் கூட்டிக்கொள்ளாமல் 200 மீட்டருக்குள் நெருங்கிச் சுடும் பொறுமை இருக்கிறவருக்கு 165 கிரெயின் தாமிரக் குண்டு போதும். ஈலாண்டுக்கும் அது போதும்.