மின் இணைப்பைக் கழற்றும் முன்பே விற்பனையைத் தொடங்குங்கள்

பழைய இயந்திரங்களைப் பார்த்து மதிப்பிட்டு விற்றுக்கொடுப்பது என் வேலை. பட்டறையை மூடுகிறவர்களும் இடம் மாற்றுகிறவர்களும் பெரும்பாலும் தாமதமாகத்தான் கூப்பிடுகிறார்கள். நான் போய்ச் சேரும்போது மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கும். லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) வேலைப்பொருளைப் பிடிக்கும் சக் ஒரு மூலையில், நீளக் கம்பியைத் தாங்கும் ஸ்டெடி ரெஸ்ட் இன்னொரு மூலையில் கிடக்கும். மரை வெட்ட மாற்றி மாட்டும் சேஞ்ச் கியர்கள் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நல்ல இயந்திரம் இப்படி வெறும் இரும்பாகிப் போவதைப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம்.

ஓடிக்கொண்டிருக்கும் லேத்தை வாங்க வருபவர் இயந்திரமாகப் பார்ப்பார். இணைப்பு கழற்றிய லேத்தை மனதுக்குள் எடைபோட ஆரம்பித்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஓட்டிப் பார்க்க முடியாத இயந்திரத்தில் எல்லாமே சந்தேகம்தான்.

அவர் எதைப் பார்ப்பார்? எல்லா வேகத்திலும் ஓடவிட்டு, சக்கைச் சுழற்றும் பகுதியான ஹெட்ஸ்டாக்கின் சத்தத்தைக் கேட்பார். சக் பொருந்தும் தண்டான ஸ்பிண்டிலில் டயல் கேஜ் (நுண்ணிய அசைவைக் காட்டும் அளவி) வைத்து ஆட்டம் பார்ப்பார். வெட்டும் கருவியைக் குறுக்காக நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியைத் திருப்பிச் சுற்றி, எத்தனை கோடு தள்ளி ஸ்லைடு நகர்கிறது என்று எண்ணுவார். அப்புறம் பெட், அதாவது எல்லாவற்றையும் தாங்கும் நீண்ட அடித்தளம். வேலை பெரும்பாலும் சக்குக்குப் பக்கத்திலேயே நடப்பதால் பெட் அங்கேதான் அதிகம் தேயும். அதற்கேற்ப இறுக்கி வைத்த கேரியேஜ் (வெட்டும் கருவியைச் சுமந்து பெட்டின் மேல் நகரும் பகுதி), மறு முனையில் டெயில்ஸ்டாக் நிற்கும் தேயாத பக்கம் போகும்போது பிடிக்கும். தெரிந்தவர் கேரியேஜை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நகர்த்தியே தேய்மானத்தைச் சொல்லிவிடுவார். இதையெல்லாம் நீங்களே முதலில் செய்து பாருங்கள். பெயர்த்தகடு தெளிவாகத் தெரியும்படி ஒரு படம், ஒரு கம்பியைக் கடைந்து காட்டும் ஒரு வீடியோ போதும். குறை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். புதுப் பெயின்ட் மட்டும் அடிக்காதீர்கள். வெடிப்பை மறைத்திருக்கிறார்களோ என்றுதான் வாங்குபவர் நினைப்பார்.

கணினியால் இயங்கும் சி.என்.சி. இயந்திரத்துக்கு இணைப்பைக் கழற்றுவது இன்னும் ஆபத்து. பழைய கன்ட்ரோலர்கள் பலவற்றில் பாராமீட்டர்கள் (அந்த இயந்திரத்துக்கான அமைப்பு எண்கள்) ஒரு சிறு பேட்டரியின் தயவில்தான் நினைவில் இருக்கின்றன. இணைப்பில்லாமல் மாதக்கணக்கில் நின்ற ஒரு மில்லிங் சென்டரை ஒருமுறை பார்க்கப் போயிருந்தேன். திரை எரிந்தது, எழுத்துகள் வந்தன, ஆனால் எந்த அச்சும் நகரவில்லை. பேட்டரி தீர்ந்து பாராமீட்டர் முழுக்க அழிந்திருந்தது, நகலும் இல்லை. இயந்திரப் பாகங்களில் ஒரு குறையும் கிடையாது. அன்று வெறுங்கையோடு திரும்பி வந்தது இன்னும் மனதில் நிற்கிறது. ஆகவே நிறுத்தும் முன் பாராமீட்டர், லேடர் புரோகிராம் (சுவிட்ச், வால்வு போன்றவற்றை இயக்கும் நிரல்) இரண்டையும் நகலெடுத்துவிடுங்கள். பேட்டரியை மாற்றுவதென்றால் கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். பல கன்ட்ரோலர்களில் மின்சாரம் இருக்கும்போதே மாற்ற வேண்டும். வாடிக்கையாளர்களின் பாகங்களை வெட்ட எழுதிய பார்ட் புரோகிராம்களை மட்டும் அழியுங்கள், அவை விற்பதற்குரியவை அல்ல. எல்லாவற்றையும் அழித்துவிட்டு வருந்தியவர்களும் உண்டு.

துணைக்கருவிகளைத் தனித்தனியாக விற்றால் அதிகம் கிடைக்கும் என்று தோன்றும். சில சமயம் அது உண்மையும்கூட. ஆனால் சேஞ்ச் கியர் இல்லாத லேத்தில் பல மரைகளை வெட்டவே முடியாது. நான்கு தாடை சக், ஃபேஸ் பிளேட், கையேடு எல்லாம் அந்த லேத்தோடு போக வேண்டியவை.

டூல் அலமாரியில் இருப்பதைத் தனியாக உட்கார்ந்து வகை பிரித்து வையுங்கள். ஒரு நாள் போனாலும் பரவாயில்லை. தேய்ந்த கார்பைட் இன்சர்ட்களை (வெட்டும் கருவியின் முனையில் பொருத்தும் துண்டுகளை) இரும்புக் குப்பையோடு சேர்த்துக் கொட்டுகிறார்கள், மனசு பதைக்கிறது. அதில் பெரும்பகுதி டங்ஸ்டன், விலையுயர்ந்த உலோகம். கையில் எடுத்தாலே தெரியும், எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். டிரில் பிட் போன்றவை செய்யும் ஹை ஸ்பீட் ஸ்டீலையும் தனியாக வையுங்கள். பழைய டி1 வகையில் 18 சதவீதம் டங்ஸ்டன், எம்42 வகையில் 8 சதவீதம் கோபால்ட். உடைந்த டிரில் பிட்டுக்கும் சாதா இரும்பைவிட மதிப்பு அதிகம்.

விற்கக் கூடாதவையும் உண்டு. பழைய டிரான்ஸ்ஃபார்மர், கெபாசிட்டர்களில் பி.சி.பி. (பாலிகுளோரினேட்டட் பைபினைல்) எண்ணெய் இருக்கலாம். உடலில் தங்கிவிடும் நஞ்சு அது. 2001-இல் ஏற்கப்பட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, பி.சி.பி. உள்ள கருவிகளின் பயன்பாட்டை 2025-க்குள் நிறுத்தச் சொன்னது. சந்தேகம் இருந்தால் திறக்காமல் சோதனைக்கு அனுப்புங்கள். ஏர் கம்ப்ரஸர் டாங்கில் தண்ணீர் தேங்கி அடிப்பக்கம் உள்ளிருந்தே துருப்பிடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. சோதிக்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். வயது தெரியாத கிரைண்டிங் வீல்களை நான் உடைத்துப் போடச் சொல்லிவிடுவேன். மயிரிழை வெடிப்புள்ள வீல் முழு வேகத்தில் சிதறினால் முன்னால் நிற்பவர் தப்புவது கஷ்டம்.

பணம் முழுதும் வந்த பிறகே ஏற்றுங்கள். இறக்குவது யார் பொறுப்பு, வழியில் அடிபட்டால் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். ஆயிலையும் கூலன்ட்டையும் வடித்துவிட்டு, பளபளப்பான பரப்புகளில் துருத்தடுப்பு எண்ணெய் பூசுங்கள். லேத்தின் கனமெல்லாம் ஹெட்ஸ்டாக் பக்கம், அதுவும் மேல்பாதியில் இருக்கும், சட்டென்று கவிழும். கேரியேஜையும் டெயில்ஸ்டாக்கையும் மறு முனைக்குத் தள்ளிப் பூட்டினால் ஓரளவு சமன் கிடைக்கும். தூக்கும் பட்டையைப் பெட்டுக்கு அடியில் போடுங்கள். பெட்டை ஒட்டி ஓடும் நீண்ட மரைத்தண்டான லீட் ஸ்க்ரூவின் மேல் அழுத்தினால் அது வளைந்துவிடும். முதலில் ஒரு விரல்கடை மட்டும் தூக்கி நிறுத்தி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். சரியாக நின்றால் மட்டும் மேலே தூக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அதன் கீழே, பக்கத்தில், ஒருவரும் நிற்க வேண்டாம்.