பெயின்ற் பேணியும் லொறி வெயிலும்

புதிய எனாமல் பெயின்ற் பேணியைத் திறந்ததும், அது விளிம்பு வரை நிறைந்திருக்கவில்லையே என்று கடைக்காரரிடம் குறைப்படுவோர் உண்டு. அந்த இடைவெளி அளவிற் செய்த களவு அன்று. எனாமலில் உள்ள பெற்றோலியக் கரைப்பான்கள் ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.1 வீதம் விரிவடைபவை. கொழும்பில் விடியற்காலை 27 பாகையில் ஏற்றப்பட்ட 4 லீற்றர் கரைப்பான், வெயிலில் நிற்கும் மூடிய லொறிக்குள் 57 பாகையை எட்டினால், ஏறத்தாழ 120 மில்லிலீற்றர் கூடுதல் இடம் கேட்கும். இடம் கிடைக்காவிட்டால் மூடியைத் தள்ளிக்கொண்டு கசியும்.

கசிந்தபின் பெரிய கவலை ஆவிதான். கரைப்பான் எரிகிறது என்று நாம் சொன்னாலும், உண்மையில் எரிவது அதன் மேற்பரப்பிலிருந்து எழுந்து காற்றுடன் கலந்த ஆவியே. தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளுமளவுக்கு அந்த ஆவி திரளும் மிகக் குறைந்த வெப்பநிலையை முதன்மையாகக் கொண்டே சரக்குப் போக்குவரத்து விதிகள் பெயின்றைத் தரம் பிரிக்கின்றன. ஐக்கிய நாடுகளின் ஆபத்துச் சரக்குப் பட்டியலில் 1263 என்ற எண்ணையும் மூன்றாம் வகுப்புக்குரிய சிவப்புச் சாய்சதுரத்தையும் பெறும் பெயின்றுகளில், அவ்வெப்பநிலை 23 பாகைக்குக் கீழே உள்ளவை ஆபத்துக் கூடியவை. 23 முதல் 60 வரை உள்ளவை பொதுவாக ஆபத்துக் குறைந்தவை. தின்னர்களிற் கலக்கும் தொலுயீனுக்கு அது வெறும் 4 பாகை என்பதால், நம் நாட்டில் அது இரவும் பகலும் பற்றத் தயாராகவே இருக்கிறது. எனாமலிற் கலக்கும் பெற்றோலியக் கரைப்பானான வைற் ஸ்பிரிற்றுக்கோ ஏறத்தாழ 40 பாகை. கடையின் நிழலில் சாதுவாக இருக்கும் அதே எனாமல் பேணி, ஆனையிறவின் மரமற்ற வெளியைக் கடக்கும் மூடிய லொறிக்குள் அந்த எல்லையைத் தாண்டிவிடக்கூடும்.

தொலுயீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்குச் சற்று மேலான பாரமுடையது. ஆகவே அது லொறியின் தளத்திற் படிந்து, நீரைப் போலப் பள்ளம் தேடி நகரும். கூரையருகில் மட்டும் துளையிட்ட பெட்டியால் பயன் குறைவு. தளமட்டத்திலும் காற்றுக்கு வழி வேண்டும்.

நீர் சேர்ந்த எமல்சன் வாளிகளுக்கு இந்தத் தீப்பயம் இல்லை. குளிர்நாடுகளில் அவற்றை உறையவிடக் கூடாது, ஏனெனில் பனிக்கட்டி நீரில் மிதக்கும் பலபடி (பிளாஸ்ரிக் போன்ற) துணிக்கைகளை நெருக்கித் திரளச் செய்துவிடும். யாழ்ப்பாணத்தில் அந்த எச்சரிக்கையைப் புன்னகையுடன் கடந்துவிடலாம்.

வாகனங்களுக்கு அடிக்கும் இருகூறுப் பெயின்றில், அடிக்குமுன் கலக்கும் இரண்டாம் கூறான கடினமாக்கி வேறு விதமானது. அதிலுள்ள ஐசோசயனேற்று என்ற வேதிப்பொருள் ஈரத்துடன் தாக்கமுற்றுக் காபனீரொட்சைட்டை வெளிவிடும். கார்த்திகை மழைக்காலத்தில் ஒருமுறை திறந்து, ஈரக்காற்றுப் புகுந்தபின் இறுக மூடிய பேணி, வாயு வெளியேற வழியின்றி உப்பத் தொடங்கும். அதனால், பாதி பயன்படுத்திய கடினமாக்கிப் பேணியை லொறியில் ஏற்றுவதை நான் ஏற்பதில்லை.